ஏற்ற இறக்கம் கம்பெனிக்கு, இழப்பு இளைஞனுக்கா?



கல்லூரிச் சேர்க்கை நெருங்கினால் நமது ஊர்களின் பேருந்து நிலையங்களில் பேனர்கள் முளைத்து விடுகின்றன. 'எங்கள் மாணவர்களில் இத்தனை நூறு பேருக்கு கேம்பஸ் இண்டர்வியூவிலேயே வேலை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரிய பெரிய கம்ப்யூட்டர் நிறுவனங்களின் பெயர்களும் வரிசையாக இருக்கும். பேனரைப் பார்த்து மகனின் கையைப் பிடித்துக்கொண்டு கல்லூரி வாசலுக்குப் போகிற தந்தைமார் எத்தனை பேர்? கடையில் போட்டிருந்த முதலை எடுத்தும், மனைவியின் நகையைக் கொடுத்தும், வளைகுடாவில் வேகும் மூத்த மகனின் சம்பளத்தை வாங்கியும் கட்டணம் கட்டுகிறார்கள்.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. வேலை உத்தரவு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று பேனர் சொல்கிறது. அவர்களில் வேலையில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? சேர்ந்து ஓராண்டு நிலைத்தவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்வி இப்போது அவசியமாகி விட்டது. கையில் வேலை உத்தரவு, ஆனால் சேரும் தேதி இல்லை என்று மாதக்கணக்கில் காத்திருந்த பட்டதாரிகளை 2022-க்குப் பிறகு நாடே பார்த்தது. ஏன் இப்படி நடக்கிறது? யாருடைய குற்றம்? இதில் நாம் செய்யத்தக்கது என்ன? உணர்ச்சிவசப்படாமல், ஒரு வியாபாரி கணக்குப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்ப்போம், வாருங்கள்.

அவர்கள் விற்கும் சரக்கு என்ன?

டிசிஎஸ், இன்போசிஸ், விப்ரோ, காக்னிசண்ட் போன்றவை முதன்மையாக சாஃப்ட்வேரைச் செய்து பெட்டியில் போட்டு விற்கும் நிறுவனங்கள் அல்ல. அவை விற்பது மனிதர்களின் உழைப்பு நேரத்தை. அமெரிக்காவில் ஒரு வங்கிக்கு ஒரு வேலை ஆகவேண்டும். அதற்கு 40 பேர் வேண்டும். இங்கிருந்து 40 பேரைக் கொடுத்து, ஆளுக்கு மணிக்கு இத்தனை டாலர் என்றோ, மொத்த வேலைக்கு இத்தனை என்றோ பில் போடுகிறார்கள். பில் போடப்படும் ஊழியர் 'பில்லபிள்'. பில் போட முடியாமல் அடுத்த புராஜெக்டுக்காகக் காத்திருப்பவர் 'பெஞ்ச்'. பெஞ்சில் இருப்பவருக்கும் சம்பளம் உண்டு. ஆனால் அவரால் கம்பெனிக்கு வரும்படி இல்லை.

நூறு ஊழியர்களில் எத்தனை பேர் பில்லில் இருக்கிறார்கள் என்ற கணக்கை 'யூட்டிலைசேஷன்' என்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் இது பொதுவாக 80-க்கும் 86-க்கும் இடையில் ஏறி இறங்கும். நூறும் பில்லில் இருந்தால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். நாளை ஒரு புதிய ஆர்டர் வந்தால் அனுப்ப ஆள் இருக்காது. ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும். பெஞ்சில் ஆள் நிறைந்து கிடந்தாலோ சம்பளம் லாபத்தைத் தின்றுவிடும்.

ஜவுளிக்கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ரமலான் வியாபாரத்துக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே சூரத்துக்கும் ஈரோட்டுக்கும் ஆர்டர் கொடுத்தாக வேண்டும். குறைவாக எடுத்தால் பெருநாள் நெருங்கும்போது கை காலி. அதிகமாக எடுத்தால் முதல் முடங்கும். பெருநாள் கழிந்து தள்ளுபடியில் தள்ள வேண்டியதுதான். கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவலியும் இதே தலைவலிதான். ஒரு வித்தியாசம் உண்டு. நீங்கள் தள்ளுபடியில் தள்ளுவது துணியை!

கணக்கு ஏன் தப்புகிறது?

கால அளவுகளைக் கவனியுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆள் கேட்டால் இரண்டு மூன்று வாரத்தில் கேட்கிறார். வேண்டாம் என்றால், பல ஒப்பந்தங்களின்படி, 30 நாள் முன்னறிவிப்பில் நிறுத்தி விடலாம். ஆனால் நம் நாட்டில் வேறு கம்பெனியில் இருக்கும் ஓர் அனுபவசாலியை இழுத்து வர, அவருடைய 90 நாள் நோட்டீஸ் காலம் முடிய வேண்டும். கல்லூரியிலிருந்து புதியவரை எடுக்க வேண்டுமானால் இன்னும் மோசம். நான்காம் ஆண்டு தொடக்கத்தில் தேர்வு நடக்கும். படிப்பு முடிந்து, சேர்ந்து, மூன்று முதல் ஆறு மாதம் பயிற்சி பெற்று, பில்லுக்கு வரும்போது ஒன்றரை ஆண்டு ஓடியிருக்கும்.

அதாவது ஒன்றரை ஆண்டு கழித்துச் சந்தை எப்படி இருக்கும் என்று இன்றைக்கே ஊகித்து ஆள் எடுக்கிறார்கள். ஊகம் சரியாக இருந்தால் பாராட்டு நிர்வாகிக்கு. தப்பாகப் போனால்?

எண்ணிக்கை மட்டுமல்ல, வகையும் பொருந்தவேண்டும். பெஞ்சில் 500 பேர் டெஸ்டிங் தெரிந்தவர்களாக இருப்பார்கள். வாடிக்கையாளர் கேட்பதோ கிளவுட் தெரிந்த 300 பேர். சென்னையில் ஆள் இருக்கும். வேலை புனேயில் இருக்கும். எட்டாண்டு அனுபவசாலி காலியாக இருப்பார். வாடிக்கையாளர் கொடுக்கும் விலைக்கு இரண்டாண்டுக்காரர்தான் கட்டுப்படியாகும். ஆகவே ஒரே கட்டடத்தில், ஒரே நாளில், ஒரு மாடியில் ஆள் தேடிக் கொண்டிருப்பார்கள். இன்னொரு மாடியில் ஆள் வேலையின்றி உட்கார்ந்திருப்பார். இரண்டையும் பொருத்துவதற்கென்றே ஆர்.எம்.ஜி. என்ற தனிப் பிரிவு பெரிய கம்பெனிகளில் இருக்கிறது. அந்தப் பிரிவில் ஊழியருக்குப் பெயர் 'ரிசோர்ஸ்'. இரும்பும் நிலக்கரியும்கூட ரிசோர்ஸ்தான்!

2021-ல் தொடங்கிய ஓட்டம்

நடந்ததைப் பாருங்கள். கொரோனா ஊரடங்கில் உலகமே கம்ப்யூட்டர் திரைக்குள் குடியேறியது. வங்கி, கடை, மருத்துவமனை என்று அனைத்தும் இணையத்துக்கு ஓடின. அமெரிக்காவில் வட்டி விகிதம் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்ததால் கம்பெனிகள் பணத்தை அள்ளி இறைத்தன. இங்கே ஆர்டர் குவிந்தது. ஊழியர்கள் கூடுதல் சம்பளத்துக்குக் கம்பெனி தாவினார்கள். 2022 ஜூன் காலாண்டில் இன்போசிஸை விட்டு விலகியோர் விகிதம் ஆண்டுக்கு 28.4 சதவீதம் என்ற உச்சத்தைத் தொட்டது. நூறு பேருக்கு 28 பேர் வெளியே!

பதறிப்போன நிறுவனங்கள் கல்லூரிகளுக்குப் படையெடுத்தன. 2021-22 நிதியாண்டில் டிசிஎஸ் நிகரமாக 1,03,546 பேரைச் சேர்த்தது. இன்போசிஸ் அதே ஆண்டில் 85,000 புதியவர்களை எடுத்தது. போகிறவர்களின் இடத்தை நிரப்ப அப்படியொரு வேகம். நம் பேருந்து நிலையத்துப் பேனர்கள் பெரிதானது இந்தக் காலத்தில்தான்.

பிறகு காற்று திசை மாறியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். விலைவாசி ஏறியது. 2022 மார்ச்சில் வட்டியை உயர்த்தத் தொடங்கிய அமெரிக்க மத்திய வங்கி, 2023 ஜூலைக்குள் 5.25 - 5.5 சதவீதத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள். புராஜெக்டுகள் தள்ளிப்போயின. வெளியே வேலை குறைந்ததும் கம்பெனி தாவுவதும் நின்றது. ஆகவே, 'நூற்றுக்கு இத்தனை பேர் போவார்கள்' என்று கணக்கிட்டு எடுத்த கூடுதல் ஆட்கள் அப்படியே தங்கினார்கள். ஒரே நேரத்தில் ஆர்டரும் குறைந்தது. காலி இடமும் குறைந்தது!

விளைவு? இன்போசிஸ் 2022-23-ல் சுமார் 50,000 புதியவர்களை எடுத்தது. 2023-24-ல் அது 11,900 ஆகச் சுருங்கியது. அந்த ஓராண்டில் அதன் மொத்த ஊழியர் எண்ணிக்கை 3,43,234-லிருந்து 3,17,240 ஆக இறங்கியது. டிசிஎஸ், 2004-ல் பங்குச் சந்தைக்கு வந்த பிறகு முதன்முறையாக, அந்த ஆண்டில் 13,249 பேர் குறைந்தது. விப்ரோவையும் சேர்த்தால் மூன்று கம்பெனிகளில் மட்டும் 60 ஆயிரத்திற்கும் மேற்பட்ட இடங்கள் ஓராண்டில் மறைந்தன.

'இவ்வளவு பேரை வெளியேற்றினார்களா?' என்று கேட்பீர்கள். வெளியேற்றாமலே குறைக்கும் வழி இருக்கிறது. மூன்று லட்சம் பேர் உள்ள கம்பெனியில் 80 சதவீதம் பேர் பில்லில் இருந்தால் 2,40,000 பேர். அதே 2,40,000 பேரின் வேலையை 85 சதவீத யூட்டிலைசேஷனில் செய்ய மொத்தம் 2,82,000 சொச்சம் பேர் போதும். ஏறத்தாழ 17,600 இடங்கள் தேவையற்றுப் போகின்றன. விலகுகிறவர்களின் இடத்தை நிரப்பாமல், புதியவர்களைச் சேர்க்காமல் விட்டாலே போதும். கணக்கு சரியாகி விடும். இதைப் பத்திரிகைகள் வேலைநீக்கம் என்று எழுதா. பங்குச் சந்தையோ 'திறன் கூடியது' என்று மெச்சும். சேரும் தேதிக்காகக் காத்திருந்தவன் அந்த இரண்டு கணக்கிலும் இல்லை.

பாரம் யார் தலையில் இறங்கியது?

ஊகித்தது நிர்வாகம். தவறியது ஊகம். அதன் விலையைக் கொடுத்தது யார்?

முதல் அடி சம்பளத்தில் விழுந்தது. ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று உத்தரவு வாங்கியிருந்த புதியவர்களிடம், மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று 2023 பிப்ரவரியில் விப்ரோ கேட்டது. பாதிக்குப் பாதி! சம்மதித்தவர்கள்தான் உடனே சேரலாம்.

இரண்டாவது அடி காலத்தில் விழுந்தது. 2022-ல் படிப்பை முடித்து இன்போசிஸில் உத்தரவு வாங்கிய சுமார் 2,000 பேர் இரண்டாண்டாகச் சேர்க்கப்படவில்லை என்று 'நைட்ஸ்' என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு 2024 ஆகஸ்டில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. அதன் பிறகே அக்டோபரில் சேரும்படி கடிதங்கள் போயின. அப்படிச் சேர்ந்தவர்களில் பலரும் அடங்கிய பயிற்சி அணிகளிலிருந்து 300-க்கும் மேற்பட்டோர் 2025 பிப்ரவரியில் மைசூர் வளாகத்திலிருந்து அனுப்பப்பட்டார்கள். மூன்று வாய்ப்பிலும் உள்தேர்வில் தேறவில்லை, இந்த நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்பது நிர்வாகத்தின் விளக்கம். இருக்கட்டும். படித்ததை இரண்டாண்டு காத்திருப்பில் மறந்துபோனவனுக்கும், கல்லூரியிலிருந்து சூடாக வந்தவனுக்கும் ஒரே தேர்வா? அவன் மறந்து போகும்படி காக்க வைத்தது யார்?

மூன்றாவது அடி வேலையில் இருப்பவர்கள் மீது. 2025 ஜூனில் டிசிஎஸ் ஒரு விதி கொண்டுவந்தது. ஆண்டில் 225 நாளாவது பில்லில் இருக்கவேண்டும். பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. புராஜெக்டைத் தேடிக்கொள்வதில் ஊழியருக்கும் பொறுப்பு என்று ஆயிற்று. அடுத்த மாதமே சுமார் 12,000 பேரை, அதாவது மொத்தத்தில் 2 சதவீதத்தினரை, குறைப்பதாக அறிவித்தது. இதில் பெரும்பகுதி நடுத்தர, மூத்த நிலையில் இருப்போர். வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும் வயது அது.

ஆர்டர் பிடிப்பது கம்பெனியின் வேலை. ஆர்டர் இல்லாத குற்றத்துக்குத் தண்டனை ஊழியனுக்கு! நமது கடையில் வாடிக்கையாளர் வராத நாளில் கடைப்பையனைக் கூப்பிட்டு, 'நீ போய் ஆள் பிடித்து வா. 35 நாளில் பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போ' என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்?

நிர்வாகத்தின் தரப்பு நியாயமா?

நடுநிலையோடு பார்ப்போம். 'ஆர்டர் இல்லாதபோது ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுத்தால் கம்பெனியே மூழ்கும். அப்புறம் எல்லோருக்கும் வேலை போகும்' என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஏற்ற இறக்கத்தை ஒழிக்க யாராலும் முடியாது. 2001-ல் அமெரிக்க டாட்காம் சரிவு, 2008-ல் லேமன் வங்கியின் வீழ்ச்சி, 2020-ல் கொரோனா என்று அலை வந்து கொண்டேதான் இருந்தது, இனியும் வரும். செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஒரே வேலைக்கு எத்தனை ஆள் தேவை என்ற கணக்கே ஆட்டம் காண்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் நடுவில் ஆள் வேண்டாம் என்று சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் சொந்த மையங்களைத் திறக்கின்றன.

ஆனால் கேள்வி ஏற்ற இறக்கம் வருமா என்பதல்ல. வரும்போது அதை யார் தாங்குவது என்பதே கேள்வி.

டிசிஎஸ் 2024-25-ல் ஈட்டிய நிகர லாபம் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். நூறு ரூபாய் வருமானத்தில் 24 ரூபாய்க்கு மேல் இயக்க லாபம். நம்மில் எத்தனை வியாபாரிகள் இப்படியொரு லாப விகிதத்தைக் கண்ணால் கண்டிருக்கிறோம்? இன்போசிஸின் 2023-24 லாபம் 26 ஆயிரம் கோடிக்கும் மேல். காத்திருந்த 2,000 பேருக்கும் மாதம் 15,000 ரூபாய் காத்திருப்புத் தொகை கொடுத்திருந்தால் ஆண்டுக்கு ஆகும் செலவு 36 கோடி ரூபாய்! ஆயிரம் ரூபாய் லாபத்தில் ஒன்றரை ரூபாய்கூட இல்லை. முடியாமல் போனதா? சட்டத்தின் கட்டாயம் இல்லை, ஆகவே மனமும் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்குச் சற்று மேலிருந்த புதியவரின் ஆண்டுச் சம்பளம், பதினைந்தாண்டு கழித்தும் பெரிய நிறுவனங்களில் மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அரிசி விலை அப்படி நின்றதா? வீட்டு வாடகை நின்றதா? வேண்டும்போது அள்ளிக்கொள்ளவும் வேண்டாதபோது நிறுத்திவைக்கவும் தோதாக லட்சக்கணக்கான பட்டதாரிகள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதால் வந்த நிலை இது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ல் தமிழக அரசு ஒரு தெளிவைக் கொடுத்தது. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம். தொழிற்தகராறு சட்டம் அவர்களுக்கும் உண்டு என்றது. அந்தச் சட்டம் இருந்த இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளிக்கு மறுபயிற்சிக்காக 15 நாள் சம்பளத்தை முதலாளி செலுத்தவேண்டும் என்கிறது அது.

ஆனால் இவையெல்லாம் வேலையில் சேர்ந்தவர்களுக்கு. உத்தரவை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருப்பவன் ஊழியனும் அல்ல, மாணவனும் அல்ல. எந்தச் சட்டத்தின் கண்ணிலும் அவன் படவில்லை. 'கொடுத்த வாக்கு' என்ற ஒன்றைத் தவிர அவனுக்குப் பிடிமானம் இல்லை. வாக்கை அமானிதமாகக் கருதி வளர்ந்த நமக்கு, தேதி போடாத வாக்குறுதி எவ்வளவு பெரிய அநீதி என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே சில கோரிக்கைகளை நாம் உரக்க எழுப்ப வேண்டும். வேலை உத்தரவில் சேரும் தேதி கட்டாயம் இருக்கவேண்டும். அந்தத் தேதி தாண்டினால் சேரும் நாள் வரை பாதிச் சம்பளமாவது கொடுக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கல்லூரிகள், உத்தரவு பெற்றோர் எண்ணிக்கையோடு சேர்ந்தோர் எண்ணிக்கையையும் வெளியிட வேண்டும் என்று பல்கலைக்கழகம் ஆணையிட வேண்டும். இவற்றில் எது நடக்கமுடியாதது? பாதிச் சம்பளம் கொடுக்க நேரிடும் என்று தெரிந்தால், 50,000 பேரை ஊகத்தில் எடுப்பதற்கு முன் நிர்வாகி இரண்டு முறை யோசிப்பார். அளவோடு எடுப்பார். அதுவே பாதி வியாதிக்கு மருந்து.

இளைஞர்களே, உங்களுக்கு!

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? முடியாது. சில விஷயங்களை மனதில் நிறுத்துங்கள்.

முதலாவது, வேலை உத்தரவு வேலை அல்ல. ஒரே உத்தரவை நம்பி மற்ற இண்டர்வியூக்களை விட்டுவிடாதீர்கள். உத்தரவில் சேரும் தேதி, பயிற்சிக் காலம், தேர்வு நிபந்தனை, பாண்டு தொகை ஆகியவற்றை வரி விடாமல் படியுங்கள். அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துங்கள். நாளை கேட்க நேர்ந்தால் எழுத்துதான் பேசும்.

இரண்டாவது, காத்திருக்கும் நாட்களைத் தூங்கிக் கழிக்காதீர்கள். சேர்ந்த பிறகும் பெஞ்ச் காலம் வரும். அதற்கும் இதே விதிதான். ஒரு கம்ப்யூட்டர் மொழியை ஆழமாகவும், டேட்டாபேஸ், கிளவுட் ஆகியவற்றின் அடிப்படையை உறுதியாகவும் கற்றவரை ஆர்.எம்.ஜி. எந்தப் பக்கமும் நகர்த்த முடியும். ஒரே ஒரு டூலை மட்டும் தெரிந்தவர்தான் முதலில் மாட்டுவார். பெஞ்சில் இருக்கும்போது புராஜெக்ட் அழைப்பு வந்தால், ஊர் பிடிக்கவில்லை, ஷிப்ட் பிடிக்கவில்லை என்று மறுக்குமுன் பத்து முறை யோசியுங்கள். மறுத்ததும் பதிவாகிறது.

மூன்றாவது, குறுக்கு வழிக்குப் போகாதீர்கள்! 'இரண்டு லட்சம் கொடு, பெரிய கம்பெனியில் பின்வாசல் வழியாக வேலை' என்று சொல்பவன் மோசடிக்காரன். பணம் வாங்கிக்கொண்டு போலி உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டு மறையும் கும்பல்களைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். பொய் அனுபவச் சான்றிதழும் அப்படியே. கம்பெனிகள் பின்னணியைச் சரிபார்க்கின்றன. வருங்கால வைப்புநிதிக் கணக்கு எண் உங்கள் வரலாற்றைக் காட்டிவிடும். பொய் பிடிபட்டால் வேலையோடு பெயரும் போகும். ஹலாலான சம்பாத்தியத்துக்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டுக் கடைசியில் பொய்யிலா தொடங்குவது?

நான்காவது, வேலையில் இருப்பவர்கள் ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வையுங்கள். முதல் சம்பளத்திலேயே தவணையில் பைக், இரண்டாம் ஆண்டில் கார், மூன்றாம் ஆண்டில் அடுக்குமாடி வீடு என்று வட்டிச் சுழலில் மாட்டிக்கொண்டவன், நிர்வாகம் 'ராஜினாமா எழுதிக்கொடு' என்று மிரட்டினால் எதிர்த்து நிற்கமுடியாது. கடனற்றவனுக்குத்தான் 'முடியாது, எழுத்தில் காரணம் கொடுங்கள்' என்று சொல்லும் துணிவு வரும். ராஜினாமாவில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாக விலகியதாகவும், அவர்கள் நீக்கியதாகவும் இருப்பதற்குச் சட்டத்தில் மலையளவு வித்தியாசம் உண்டு.

ஐந்தாவது, தனியாக நிற்காதீர்கள். இரண்டாண்டு காத்திருந்தவர்களுக்கு விடிவு வந்தது அவர்கள் ஒன்றுசேர்ந்து புகார் கொடுத்த பிறகுதான். மதம், மொழி, மாநிலம் கடந்து உங்களைப் போலவே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேருங்கள்.

வணிகப் பெருமக்களே, உங்களுக்கு!

சபுராளிகளை அனுப்பிவைத்த சமுதாயம் நாம். ஆள் தேவையின் ஏற்ற இறக்கம் நமக்குப் புதிய கதையா? எண்ணெய் விலை ஏறினால் விசா மழை; இறங்கினால் கம்பெனி கேம்பில் சம்பளமில்லாக் காத்திருப்பு. 1990-ல் குவைத் போர் வந்தபோது ஒரே இரவில் அனைத்தையும் இழந்து திரும்பியவர்களை நம் ஊர்கள் அணைத்துக்கொண்டன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஐரோப்பிய ஆர்டர் குறைந்தால் தோல் தொழிற்சாலைகளில் முதலில் வேலையிழப்பது கூலிக்கு வருபவர்கள்தான் என்பதை நீங்கள் நேரிலேயே அறிவீர்கள்.

ஆனால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஐ.டி. மாப்பிள்ளைக்கு வேலை போனால் மட்டும் நாம் என்ன செய்கிறோம்? ஏளனம் செய்கிறோம். நிச்சயித்த பெண்ணைத் திருப்பிக் கேட்கிறோம். 'திறமையில்லை, அதுதான் அனுப்பிவிட்டார்கள்' என்று திண்ணையில் தீர்ப்பு எழுதுகிறோம். அமெரிக்க வட்டி விகிதத்துக்கும் அவன் திறமைக்கும் என்ன சம்பந்தம்? அவமானத்துக்குப் பயந்து, வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு புறப்படும் நிலைக்கு ஒருவனைத் தள்ளுவது நம் வாய்தான்.

உங்களால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது. உங்கள் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சரக்கு இருப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு, இணைய விற்பனை ஆகியவை தேவைப்படுகின்றன. சேரும் தேதிக்காகக் காத்திருக்கும் பட்டதாரிகளை அழைத்து, ஆறு மாதத்துக்கு நியாயமான சம்பளத்தில் அந்த வேலையைக் கொடுங்கள். இலவசமாக வேலை வாங்காதீர்கள்; கம்பெனியைக் குறை சொல்லிவிட்டு அதையே நாமும் செய்யலாகாது! நிஜமான ஒரு கடையின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய அனுபவம் இண்டர்வியூவில் பேசும். உங்கள் கடைக்கும் லாபம்.

ஊர் ஜமாஅத்துகளின் பைத்துல்மாலிலிருந்து மருத்துவத்துக்கும் திருமணத்துக்கும் உதவுகிறோம். காத்திருப்புக் காலத்துக்கும் வேலையிழந்த மூன்று மாதத்துக்கும் வட்டியில்லாக் கடன் என்று ஒரு பகுதியை ஒதுக்க முடியாதா? மஹல்லாவில் பத்தாண்டு ஐ.டி. அனுபவமுள்ள இருவர் இருப்பார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை உட்காரவைத்து, உத்தரவுக் கடிதம் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் படித்துச் சொல்லச் செய்யுங்கள். இதற்குப் பெரிய நிதி வேண்டாம்.

பெற்றோராக நீங்கள் செய்யவேண்டியது இன்னொன்று. அடுத்த முறை கல்லூரி வாசலில் அந்தப் பேனரைப் பார்க்கும்போது உள்ளே போய்க் கேளுங்கள்: 'சென்ற ஆண்டு உத்தரவு வாங்கியவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? பட்டியல் கொடுங்கள்.' ஒருவர் கேட்டால் விரட்டுவார்கள். ஐம்பது பேர் கேட்டால் பட்டியல் தயாராகும். சமுதாயப் பெரியோர்கள் நடத்தும் கல்லூரிகளே இதைத் தாமாக வெளியிட்டு முன்மாதிரியாக நிற்கலாமே!

சகோதரர்களே! ஐம்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் துறை இது. நமது பிள்ளைகளுக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது. அதை மூடச்சொல்வது நமது நோக்கமல்ல. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லாத நிலையில், தகுதியைக் கொண்டே நம் இளைஞர்கள் நுழைந்த வாசல் அது. நுழையுங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு நுழையுங்கள். ஆர்டர் ஏறும்போது லாபத்தில் பங்கு தராதவர்கள், இறங்கும்போது மட்டும் நஷ்டத்தில் பங்கு கேட்டால், 'இது என்ன கூட்டு வியாபாரம்?' என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம்!